கோயில் மேசை

பெற்ற பெண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் ஒரு சொல்லை நினைத்துக் குதூகலப்பட முடியுமா? முடியும். லத்தீன் வாத்தியார் பட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாலு பேருக்குத் தீங்கு நினைக்காத ஆள். ஆனால் நல்ல மனுஷர்கள் செய்கிற காரியத்துக்குத்தான் பரிகாரமே இருப்பதில்லை.

அவர் வகுப்பு பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே அறை ஒதுக்கியவர்கள் யோசித்துத்தான் ஒதுக்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் அவருக்கு 'செத்தபாஷை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "செத்தபாஷை வருதுடா" என்று மாடிப்படியில் குரல் கேட்டால் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். தன் பாஷை சாகவில்லை, எல்லார் வாயிலும் ஒளிந்துகொண்டு பிழைத்துக்கிடக்கிறது என்பது அவர் கட்சி. அதை எடுத்துக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு.

பத்துப் பேருக்குக் குறைந்தால் லத்தீன் வகுப்பை மூடிவிடுவோம் என்று தலைமை ஆசிரியை அந்த வருஷத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவதாக அவர் மகள் சேர்ந்தாள். அவள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஓவியம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு முந்தைய வருஷமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு வார்த்தை பேசாமல் லத்தீனில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பாடம் ஜெயித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை.

வருஷம் தொடங்குவதற்கு முந்தைய விடுமுறையிலிருந்துதான் அவள் மெலிய ஆரம்பித்திருந்தாள். முதலில் முகம் வாடியது. பிறகு கழுத்தெலும்பு தெரிந்தது. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. அம்மா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வீட்டில் அவள் கண் மகள் மேலேயேதான் இருக்கும். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கணவரிடம் காட்டினாள்.

"இது முடி கொட்டுற வயசாங்க?"

"பரீட்சைக் கவலையா இருக்கும்."

"நீங்க ஒரு தடவை அவளை நிக்க வச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

அவர் நிற்க வைத்துப் பார்த்தார். பயந்துதான் போனார். அதை மறைக்கவேண்டியதில்லை. இருவருமாக அவளைப் பெண் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றைப் படம் பிடித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒழுங்கா சாப்பிடறாளா?"

"அதெல்லாம் நல்லா சாப்பிடறா மேடம்" என்றார் வாத்தியார். "மதியச் சாப்பாட்டு டப்பா தினமும் துடைச்சு வச்ச மாதிரி வருது. நானே பாத்திருக்கேன்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவளுக்கு நேரமாகிவிடும். பால் பாதி, மீதி தொட்டியில். ராத்திரி, "மதியமே நெறைய சாப்பிட்டேம்மா, பசியில்ல" என்பாள். ஆக அந்த வீட்டின் மொத்த நம்பிக்கையும் மதியச் சாப்பாட்டு டப்பாவில் போய் உட்கார்ந்தது. அம்மா பெரிய டப்பாவாக வாங்கினாள். விடிவதற்குள் எழுந்து, வெண்ணெய் தாராளமாகத் தடவிய ரொட்டி, அவித்த முட்டை, பொரித்த கோழி, பழத்துண்டு என்று அழுத்தி அழுத்தி வைத்தாள். மூடி மூடாது. மேலே துணி போட்டுக் கட்டுவாள். சாயங்காலம் டப்பா காலியாக வரும். மகள் இன்னும் கொஞ்சம் மெலிந்திருப்பாள்.

"போடறதெல்லாம் எங்கதாங்க போகுது?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்பாள். வயிற்றில் பூச்சியோ, சுரப்பியில் கோளாறோ, சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று தின்கிறது என்று பயந்தார்கள். இருவரும் தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

இந்தக் கலக்கத்துக்கு நடுவில்தான் அந்தச் சொல் வந்து சேர்ந்தது.

ஒருநாள் பாடம் தொடங்குவதற்கு முன்னால், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பையன் பக்கத்து மேசைக்காரனின் டப்பாவில் கை விட்டு ஒரு கோழித்துண்டைத் தூக்கினான். "ஃபேனம்" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டான். பறிகொடுத்தவன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. "போடா, வரி கட்டியாச்சு" என்று சிரித்துக்கொண்டு டப்பாவை மூடினான்.

வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சொன்னே?"

நெட்டைக்குக் கோழி தொண்டையில் நின்றது. "சும்மா சார். ஃபேனம் வரின்னு சொல்றது சார். சிநேகிதன் சாப்பாட்டுல கொஞ்சம் எடுத்துக்கிறது. எல்லாரும் சொல்றதுதான்."

"இந்தச் சொல்லு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

மூன்றாவது வரிசையில் உட்காரும் கண்ணாடிக்காரி கையைத் தூக்கினாள். மகளோடு எப்போதும் சேர்ந்து திரிகிற பெண் அவள். "சார், அது வீடியோ போடற ஒருத்தரோட பேரு சார். லத்தீன் எல்லாம் இல்ல."

"பேரா இருந்தா என்னம்மா? எந்தப் பேரும் ஆகாசத்துலேர்ந்து குதிக்காது" என்றார். அவ்வளவுதான், பாடம் போயே போச்சு. சுண்ணாம்புக்கட்டியை எடுத்துப் பலகை முழுக்க எழுத ஆரம்பித்தார்.

ஃபானும். ஒரு தெய்வத்துக்கென்று ஒதுக்கிவிட்ட இடம்; பிறகு அதில் எழுந்த கோயில். அந்தக் கோயிலே கதியென்று கிடந்து, சாமி வந்து ஆடுகிறவன் ஃபானாட்டிகுஸ். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் வெறிபிடித்தவனுக்குப் பிற்பாடு பெயர் வந்தது. அதன் வாலை வெட்டித்தான் விளையாட்டு மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துகிற ரசிகனுக்கு 'ஃபேன்' என்று வைத்தார்கள். "நெட்டை, நீ சட்டையைக் கழட்டிச் சுத்தறியே, அது கோயில்ல பண்ண வேண்டிய வேலைடா." வகுப்பு சிரித்தது. அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு வருஷக்கணக்கு ஆகியிருக்கும். அவர் இன்னும் எழுதினார். ப்ரொஃபானுஸ்: கோயிலுக்கு முன்னால், வெளியே நிற்கிறவன், உள்ளே நடப்பதில் சேர்த்தி இல்லாதவன். அதிலிருந்துதான் புனிதத்தைக் கெடுக்கிறவன், வாய் கூசாமல் பேசுகிறவன் எல்லாரும் பிறந்தார்கள்.

"சரி சார், கோழி எங்க சார் வந்துச்சு?" என்றான் நெட்டை.

"கோயிலுக்குப் படைச்சதைச் சாமியா உக்காந்து சாப்பிட்டுது? சாமி பங்குன்னு பேரு. அப்புறம் வெளிய கொண்டுவந்து ஜனங்க பங்கு போட்டுச் சாப்பிட்டாங்க. கோயில் சாப்பிடாதுடா. கோயிலுக்கு வந்ததெல்லாம் வெளியதான் போகும்."

பின்வரிசையில் மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்று அவள் அப்படிக் கவனித்துக் கேட்டாள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அதோடு விட்டிருந்தால் ஒரு வகுப்பு கலகலப்பாகப் போனது என்று முடிந்திருக்கும். அவர் விடுகிற ஆளா? இப்படித் திருட்டுத்தனமாகக் கை விடுவது மரியாதை இல்லை, முறைப்படி செய்யுங்கள் என்றார். கேட்கிறவன் 'தா மிஹி' என்று சொல்ல வேண்டும். எனக்குக் கொடு என்று அர்த்தம். கொடுக்கிறவன் 'அக்கிபே' என்று சொல்ல வேண்டும், எடுத்துக்கொள். முறையாகக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. இதைப் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினார்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு கிடைத்தால் போதாதா? மாதம் திரும்புவதற்குள் பள்ளி முழுக்க 'தா மிஹி', 'அக்கிபே'. கீழ் வகுப்புப் பொடிசுகள்கூடக் கை நீட்டிக்கொண்டு அலைந்தன. தலைமை ஆசிரியை நடைவழியில் அவரை நிறுத்தி, "உங்க பாஷை எழுந்து நடமாட ஆரம்பிச்சுடுச்சு போலிருக்கே" என்றார். அடுத்த வருஷம் லத்தீன் எடுக்கப் போவதாகப் பல பேர் வந்து விசாரித்தார்கள். வாத்தியார் தரையில் நடக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஃபானும் கதையை மனைவிக்கு முதலிலிருந்து சொன்னார். மகள் தட்டில் சோற்றை ஓரம் கட்டி ஓரம் கட்டிக் கொஞ்சமாகத் தெரியும்படி செய்துகொண்டிருந்தாள்.

"சாப்பிடுற நேரத்துல கோயிலும் குளமும் எதுக்குங்க" என்றாள் மனைவி. "அவ தட்டைப் பாருங்க."

"மதியம் பலமா சாப்பிட்டிருப்பா" என்றார் அவர்.

பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவே ஒரு நீண்ட நடைவழி. கூடத்தின் சுவர் இடுப்புக்கு மேல் முழுக்கக் கண்ணாடி. தினமும் மதியம் தன் ரொட்டிப் பொட்டலத்தோடு அந்த வழியாகப் போகும்போது அவர் கொஞ்சம் நிற்பார். ஜன்னலோர மேசையில் மகள் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பாள். சுற்றி ஒரே கூட்டம். அந்த மேசைக்குப் பிள்ளைகள் 'கோயில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெரிய டப்பா திறந்திருக்கும், நாலா பக்கமிருந்தும் கைகள் நீளும். அவள் கைகள் மடியில் இருக்கும். இவர் நிற்பதை அவள் பார்ப்பாள். இவரும் பார்ப்பார். கையை உயர்த்தி, பலே என்கிற மாதிரி ஆட்டிவிட்டு நடப்பார். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண்ணுக்கு இத்தனை சிநேகிதமா என்று நெஞ்சு நிறைந்துபோகும்.

இதை எழுதும்போது எரிச்சல் வருகிறது. அந்த மனுஷனுக்குக் கண் இருந்தது. கண்ணாடியும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஒரு வெயில் நாளில், விளையாட்டு வகுப்பு முடிந்து படியேறும்போது அவள் விழுந்தாள். விளையாட்டு ஆசிரியர் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வண்டி வருவதற்குள் வாத்தியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விளையாட்டு ஆசிரியர் முகம் வெளுத்திருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. தூக்கினேன், ஒண்ணுமே இல்ல சார். புத்தகப்பை கனம்கூட இல்ல."

ஆஸ்பத்திரியில் அதே பெண் டாக்டர். இந்தத் தடவை பேனாவையே எடுக்கவில்லை. நாடித்துடிப்பு பாதியாக இறங்கியிருக்கிறது, உடம்பு தன் தசையையே எரித்துத் தின்கிறது, இதயமும் தசைதான் என்று நிதானமாகச் சொன்னார். "இனி ஒரு வாரம் இப்படியே போனா, தூக்கத்துலயே இதயம் நின்னுடலாம். பூச்சியும் இல்ல, சுரப்பியும் இல்ல. இந்தப் பொண்ணு சாப்பிடல. மாசக்கணக்கா சாப்பிடல."

"டப்பா காலியா வந்துச்சே மேடம்" என்றார் வாத்தியார்.

வெளியே நாற்காலியில் கண்ணாடிக்காரி அவள் அம்மாவோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சார், அவ எல்லாத்தையும் எங்களுக்குக் குடுத்துடுவா சார்."

"எல்லாத்தையும்னா? ஒரு துண்டு, ரெண்டு துண்டு..."

"எல்லாத்தையும் சார். யாரும் கேக்கலைன்னா அவளே கூப்பிடுவா. வெறும் டப்பாவைக் கழுவி வச்சுட்டுத் தண்ணி குடிப்பா. ஒருநாள் நான் வேண்டாம்னேன், நீ சாப்பிடுன்னேன். முறையா கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு அப்பாவே எழுதி மாட்டியிருக்காரு, நீ கேளுன்னா. நான் கேட்டேன் சார். கேட்டுட்டேன்."

அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, உன் தப்பு இல்லம்மா என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கை எழவில்லை. அவள் அம்மாதான் அவளை அணைத்துக்கொண்டு போனாள்.

மனைவியிடம் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாது. அவள் இன்னும் பல் ஆஸ்பத்திரியின் நீலச் சட்டையிலேயே இருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் சத்தமில்லாமல் சொன்னாள்.

"நான் என் பொண்ணுக்குக் கட்டிக் குடுத்தேன். நீங்க ஊருக்குப் பங்கு போட்டீங்க."

அதற்கு மேல் அவள் அவரோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டு வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போய் அட்டையைக் கிழித்தார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இனி யாரும் யார் சாப்பாட்டையும் தொடக் கூடாது" என்றார். நெட்டை எழுந்து, "சார், அவளுக்குச் சரியாயிடுமா சார்?" என்றான். அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இறங்கும்போது மாடிப்படியில் இரண்டு பொடிசுகள் ஒரு பிஸ்கட்டுக்கு 'தா மிஹி' சொல்லிக்கொண்டிருந்தன. சொல்லைக் கிழிக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன. சொல் சாகாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவரே அவர்தான்.

மகளைச் சேர்த்திருந்த வார்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு வரும்போது பெற்றோரில் ஒருவர் எதிரே உட்கார வேண்டும். அரை மணி நேரம் தட்டு இருக்கும். சாப்பிடாததைக் கஞ்சிபோலக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். அதையும் மறுத்தால் மூக்கு வழியாகக் குழாய். அம்மா இரண்டு வேளை உட்கார்ந்து பார்த்தாள். அழுகையை அடக்க முடியாமல் எழுந்து போனாள். பிறகு அவர் உட்கார்ந்தார்.

கெஞ்சினார். "ஒரே ஒரு வாய் கண்ணு." கொஞ்சினார், குழந்தையில் கூப்பிட்ட பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார். மிரட்டிப் பார்த்தார், மிரட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். அவளை ஓவிய வகுப்பில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். லத்தீன் வகுப்பை மூடினால் மூடட்டும் என்றார். அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அவள் காதுக்கு அது எங்கோ தூரத்தில் நடக்கிற பேரம். கரண்டியை எடுப்பாள், தட்டின் ஓரத்தில் வைப்பாள். அவள் மணிக்கட்டில் பெயர் எழுதிக் கட்டிய பட்டை வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. தான் பிள்ளையை இழக்கப் போகிறோம் என்று அவருக்கு அந்த நாற்காலியில்தான் நிச்சயமாகத் தெரிந்தது. இந்த அறையில், இந்த மத்தியான வெளிச்சத்தில், ஒரு பிடி சோற்றுக்காக.

கடைசியில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டுதான் கேட்டார்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுகிற தோரணை இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்ப்பா."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தினமும் நின்னு பாத்தீங்களே. நான் ஒரு வாய்கூட எடுக்க மாட்டேன். அதைப் பாத்துட்டுத்தானே கை காட்டிட்டுப் போவீங்க." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "முதல்ல எல்லாம் பயமா இருக்கும். இன்னிக்கு அப்பா உள்ள வந்து எல்லார் முன்னாடியும் திட்டப் போறாருன்னு. வந்துட்டா நல்லாருக்குமேன்னும் இருக்கும். என்னால நிறுத்த முடியலப்பா. நீங்க வரல. அப்புறம் நானும் பாக்கறதை விட்டுட்டேன்."

'பார்க்கவில்லையம்மா, நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அது இன்னும் கேவலமாகத்தான் இருந்திருக்கும்.

நர்ஸ் வந்தாள். தட்டைப் பார்த்தாள், கரைத்த கோப்பையைப் பார்த்தாள், இரண்டும் அப்படியே இருந்தன. எடுத்துக்கொண்டு போய், ஒரு தட்டில் மெல்லிய குழாயும் தண்ணீர்க் குவளையுமாகத் திரும்பி வந்தாள். கூட இன்னொருத்தி.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அப்பா அம்மாவால பாக்க முடியாது இதை."

"இல்லம்மா. நான் இருக்கேன்."

"மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா உங்களையும் நாங்கதான் தூக்கணும்."

"விழ மாட்டேன்" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். அதில் எலும்பும் சூடும்தான் இருந்தது. அவள் உதறவில்லை.

குழாய் நுனி மூக்கில் நுழைந்ததும் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. "தண்ணியை உறிஞ்சு, முழுங்கு, முழுங்கினாத்தான் உள்ள போகும்" என்றாள் நர்ஸ். மகள் தலையை ஆட்டி மறுத்தாள். நகம் அவர் கையில் பதிந்து ரத்தம் கட்டியது. அவர் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பவில்லை. அவள் மூக்கை, தொண்டையை, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "முழுங்கும்மா" என்றார். "பாத்துட்டு இருக்கேன், முழுங்கு."

அவள் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். அன்றைக்கு அவள் விழுங்கியது அது ஒன்றுதான்.